ஒரு வாளி தண்ணீர்

சங்ககிரிப் பட்டறையில், லாரி இன்ஜினுக்குக் காற்றூட்டும் டர்போவின் விரிசல் விட்ட வார்ப்பிரும்புக் கூட்டை வெல்டர் நாகமணி ஒட்டி முடித்தாள். கூடு தணலாய்க் கொதித்தது. மெல்ல ஆறட்டும் என்று சாம்பலில் புதைக்கப் போனாள்.

"சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கவா? தண்ணியை ஊத்து!" என்று கத்தினார் லாரி முதலாளி பொன்னுரங்கம். "மறுபடி விரிசல் விட்டா உன் வேலை போயிரும்!"

நாகமணி தண்ணீர் வாளியோடு வாசலுக்கு ஓடினாள். அவர் சற்றுமுன் வேகமாக ஓட்டி வந்த ஜீப்பின் பானெட்டைத் திறந்தாள்.

"இந்த இன்ஜினும் கொதிக்குதுங்க. முதல்ல இதுக்கு ஊத்தட்டுங்களா?"

"ஐயையோ, வேண்டாம்! இன்ஜின் வெடிச்சிரும்!"

"உள்ளே இருக்கறதும் இதே இரும்புதானுங்களே!"

பட்டறையே சிரித்தது. கூடு சாம்பலுக்குள் போனது.

கொஞ்ச நேரத்தில் டீக்கடைக்காரர் தண்ணீர்ச் சொம்போடு வந்தார். "யோவ், சாம்பல் பக்கம் வராதே!" என்று பாய்ந்து தடுத்தார் பொன்னுரங்கம்.