குழாயில் செருகிய கட்டை

“என் வீட்டுச் சங்கதி ஊரெல்லாம் ஒழுகுது மேஸ்திரி. நான் என்ன செய்ய?”

வந்ததும் வராததுமாகக் கேட்டான் சங்கிலி. பட்டறைச் சட்டையைக்கூட இன்னும் மாட்டவில்லை.

குலாம் மேஸ்திரி அவனைவிடப் பத்து வயசு இளையவர். சங்கிலி லாரி ஓட்டி அலுத்து, தலை நரைத்தபிறகு மெக்கானிக் தொழில் படிக்க வந்தவன். அதனால் அந்தப் பட்டறையில் குருதான் சீடனை அண்ணே என்பார்.

“எங்கேண்ணே ஒழுகுது?”

“எங்கே ஒழுகலை? தண்ணி பிடிக்கிற இடத்துல என் வீட்டுச் சண்டையைப் பேசுறாக. என் பெஞ்சாதியை அங்கே போகாதேன்னு அடைச்சேன். எங்க அக்கா வீட்டுல தெரிஞ்சுபோச்சு. அங்கேயும் போகாதேன்னேன். இப்ப ரேஷன் கடைக்காரன் என்னைப் பாத்துச் சிரிக்கிறான்!”

“வீட்டுக்குள்ள மதினி என்ன சொல்லுது?”

“வீட்டுக்குள்ள வாயைத் திறக்க விட்டாத்தானே? கட்டுன நாள்லருந்து அந்தப் பேச்சே இல்லை.”

சொல்லும்போது பெருமையாகத்தான் சொன்னான். அப்புறம் குரல் இறங்கிவிட்டது.

“இன்னைக்குச் சாயங்கால பஸ்ஸுக்கு அம்மா வீட்டுக்குப் போறாளாம். திரும்ப மாட்டாளாம். அவ பேச்சை நிப்பாட்ட ஒரு வழி சொல்லுங்க மேஸ்திரி.”

“மதினிக்குப் பேச்சியம்மான்னு பேரு வச்சவுகளைப் போய்க் கேளுங்க.”

மேஸ்திரி டீ கிளாஸைக் கையில் எடுத்தார். மூலையில் நின்ற பழைய காரைக் கைகாட்டினார்.

“ஆயில் ஒழுகுதாம். அதைப் பாருங்க.”

சங்கிலிக்கு எரிச்சல். ஆனாலும் பானெட்டைத் தூக்கினான்.

மேல்மூடி ஓரமெல்லாம் ஆயில். அடியில் ஆயில். ஒழுகாமல் தடுக்கிற சீல் எல்லாம் புதுசு, அப்படியும் ஆயில்.

முனகிக்கொண்டே துழாவினான். திடீரென்று சிரித்தான். தொழில் தெரிந்தவன் சிரிக்கிற சிரிப்பு.

“இங்கே வாங்க மேஸ்திரி! இந்தக் கூத்தைப் பாருங்க.”

இஞ்சினின் வயிற்றுப் புகையை மறுபடி இஞ்சினுக்கே கொண்டுபோய் ஊட்டும் ரப்பர் குழாய். அதன் வாயில் துணி சுற்றிய ஒரு மரக்கட்டை.

“எவன் பாத்த வேலை இது?”

“வண்டிக்காரரேதான். ஆயில் நாத்தம் தாங்க முடியலையாம்.”

“கூறுகெட்ட மனுசன்! இஞ்சின்னா உள்ளுக்குள்ள புகையத்தான் செய்யும். அதை ஊர்மேல விடாம தானே இழுத்து எரிச்சுக்கிடத்தான் இந்தக் குழாயே இருக்கு. இதைப் போய் அடைச்சா? வயிறு ஊதிக் கண்ட இடத்துல பிச்சுக்கிட்டு ஒழுகாதா? வாயை அடைச்சுப்போட்டு, ஒழுகுற இடத்தைத் திட்டி என்ன...”

அதோடு நின்றுவிட்டான். கட்டை கையிலேயே இருந்தது.

மேஸ்திரி டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சினார்.

“சொல்லுங்கண்ணே. நல்லாத்தான் சொல்லிக்கிட்டு வந்தீங்க.”

சங்கிலி கையைத் துடைத்தான். செல்லை எடுத்தான்.

“பேச்சி... பஸ் ஏறிட்டியா? இல்லை, இல்லை, நான் வையக் கூப்பிடலை. நீ சொல்லு. எங்கிட்டச் சொல்லு.”

பேச்சியம்மாள் சொன்னாள். கட்டின நாளிலிருந்து தொடங்கிச் சொன்னாள். டீ கிளாஸோடு நின்ற மேஸ்திரிக்கே கேட்டது.

சங்கிலிக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. பெருவிரல் மெல்ல, செல்லில் பேச்சைத் துண்டிக்கிற சிவப்பு வட்டத்தின் பக்கம் நகர்ந்தது.

“விரலை எடுங்கண்ணே” என்றார் மேஸ்திரி.