மொட்டைப் பந்து

"எங்கிட்ட வர்றவங்க மட்டும் ஏன் நிக்க மாட்டேங்காங்க?" என்று கேட்டார் பூலோகராஜ்.

கேட்டவருக்கு வயது ஐம்பது. பதில் சொல்லவேண்டிய ஜெசிந்தாவுக்கு முப்பது. தூத்துக்குடி இறகுப்பந்து கிளப்பில் ஜெசிந்தாதான் கோச். ஆடுவதை விட்டுவிட்டு ஆடச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று ஆறு மாதமாக அவரிடம் படித்துக்கொண்டிருந்தார் பூலோகராஜ்.

அன்றைக்குக் கவலையில் அவர் விட்ட வியர்வைக்குப் பாத்தி கட்டியிருந்தால் ஊருக்கு இன்னொரு உப்பளம் கிடைத்திருக்கும்.

புதிதாகச் சேர்ந்த எட்டுப் பேரை அவர் பொறுப்பில் விட்டிருந்தார்கள். மூன்று வாரத்தில் ஏழு பேரைக் காணோம். எட்டாவது ஆளான நர்ஸ் மரகதவல்லி இப்போதுதான் பையை மாட்டிக்கொண்டு வண்டியெடுக்கப் போனார். அவரும் வராமல் போனால் புதியவர் வகுப்பையே மூடிவிடுவதாகக் கமிட்டி சொல்லியிருந்தது.

"என்ன சொல்லிட்டுப் போறாங்க, அண்ணாச்சி?"

"பச்சப்பிள்ளைக்கு நரம்பு பாத்து ஊசி போடுற கை சார் இது, இங்க ஒரு பந்து சிக்க மாட்டேங்கு, எனக்கு வராதுன்னு."

"நீங்க?"

"மணிக்கட்டைத் திருத்துனேன். தினமும்தான் திருத்துதேன். சீக்கிரம் சொல்லுங்க கோச், வண்டியக் கெளப்பிருவாங்க."

"நெட்டுக்கு அந்தப் பக்கம் போங்க."

"இப்பவா?"

"இப்பத்தான்."

பூலோகராஜ் லேசுப்பட்ட ஆளில்லை. வாலிபத்தில் அவர் அடித்த ஸ்மாஷ் ஒன்று கூரையைப் பிய்த்துக்கொண்டு போய் மணப்பாட்டுக் கடலில் ஒரு வள்ளத்தில் விழுந்ததாம். பறக்கிற மீன் என்று நினைத்து ஏலத்தில் விட்டுவிட்டார்களாம். சொன்னவர்கள் பாதியைக் குறைத்துத்தான் சொன்னார்கள்.

புதியவர்கள் பழகும் கடைசி கோர்ட்டின் அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு பந்தை எடுத்து மெதுவாகத் தூக்கிப் போட்டார் ஜெசிந்தா.

பூலோகராஜ் வீசினார். காற்றுதான் அடிபட்டது.

இரண்டாவது பந்து பாதியிலேயே விழுந்தது. மூன்றாவது அவருடைய மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போனது.

"மணிக்கட்டு, அண்ணாச்சி."

மணிக்கட்டைச் சரிசெய்துகொண்டார். நான்காவது காலடியில் விழுந்தது.

"மணிக்கட்டு."

"கோச், இதுல பாதி இறகு இல்ல. மொட்டை. கள்ளு குடிச்ச மாதிரி ஆடி ஆடி வருது. இதை எவனால அடிக்க முடியும்?"

ஜெசிந்தா அடுத்த பந்தை எடுத்தார்.

பூலோகராஜ் அட்டைப்பெட்டியையே பார்த்தார்.

புதுப் பந்து முதல் கோர்ட்டில் போட்டிக்குப் போகிறவர்களுக்கு. இறகு கிழிந்ததும் இரண்டாம் கோர்ட்டில் டாக்டர்களுக்கு. அவர்களும் அடித்து மொட்டையாக்கிய பிறகு கடைசி கோர்ட்டுக்கு. கிளப் தொடங்கிய நாள் முதல் அதுதான் முறை. சாயங்காலம்தோறும் பொறுக்கிவந்து பெட்டியில் போடுவது பூலோகராஜ்.

மட்டையைப் போட்டுவிட்டு ஓடினார். போகிற போக்கில் முதல் கோர்ட்டில் இருந்த புதுப் பந்துக் குழலைத் தூக்கிக்கொண்டார்.

"சார், அது எங்களுது" என்றாள், மாநிலப் போட்டிக்குப் போகிற பெண்.

"மொட்டையில ஆடு தாயி. உனக்குத்தான் ஆடத் தெரியுமே."

மரகதவல்லியின் வண்டி கேட்டுக்கு வந்துவிட்டது. குறுக்கே போய் நின்று, மூச்சு வாங்க, குழலை நீட்டினார்.

"தப்பு உங்க கையில இல்லம்மா. பந்துல."

மரகதவல்லி ஒரு பந்தை உருவிப் பார்த்தார். அத்தனை இறகும் இருந்தது. வண்டியை அணைத்துவிட்டு இறங்கினார்.

"அப்ப மூணு வாரமா என் கைய எதுக்கு சார் திருத்துனீங்க?"