இல்லை என்று சொல்லாத டீக்கடை

மேலக்கோணம்பட்டியில் மூளையைச் செலவு பண்ணாமல் பத்திரமாக வைத்திருந்தவர்கள் மூன்று பேர். ஒச்சப்பன், அவன் பெரியப்பா மகன் வெள்ளைக்கண்ணு, பக்கத்து வீட்டுச் சீனிச்சாமி. மூன்று பேரும் கூடி யோசித்தால், ஊர் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வரும்.

ஒச்சப்பனுக்கு அப்போது பெரிய கவலை. பிரசவத்துக்குப் போன மனைவி அழகுமீனாளை மாமனார் திருப்பி அனுப்பவில்லை.

“முதல்ல ஒரு தொழில் பண்ணுங்க மாப்ள. ஒரு மாசம் கழிச்சு அவளே வந்து பார்ப்பா. திருப்தின்னா இருப்பா. இல்லேன்னா அடுத்த பஸ்ஸுல புள்ளையோட திரும்பிருவா” என்றுவிட்டார்.

தொழில் என்றால் சும்மாவா? டவுனில் வாழ்க்கையில் ஜெயிப்பது எப்படி என்று ஒருவர் கோட்டுப் போட்டுக்கொண்டு பேசினார். மூன்று பேரும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார்கள். “ஜெயிச்சிட்ட மாதிரியே நடந்துக்குங்க. எதிலும் நல்லதையே பாருங்க. இல்லைங்கிற வார்த்தையே வாயில வரக்கூடாது. ஒண்ணு நடக்கலையா, சிரிச்சுக்கிட்டே திட்டத்தை மாத்துங்க” என்றார் அவர். டீயும் பிஸ்கட்டும் கொடுத்ததால் எல்லாம் அப்படியே மனதில் பதிந்துவிட்டது.

பஸ் நிறுத்தத்தில் டீக்கடை போட்டார்கள்.

“ஜெயிச்ச கடைன்னா எப்படி இருக்கும்?” என்று கேட்டான் வெள்ளைக்கண்ணு.

“கூட்டமா இருக்கும்” என்றான் ஒச்சப்பன்.

ஆகவே மூன்று பேரும் பெஞ்சில் அகலமாக உட்கார்ந்து கூட்டமாக இருந்தார்கள். முதல் ஆளாக வந்த மாட்டுத் தரகர் அரைமணி நேரம் நின்று பார்த்தார். பிறகு அவரே உள்ளே போய் நாலு டீ போட்டு, மூன்றை இவர்களிடம் கொடுத்து, ஒன்றைக் குடித்துவிட்டுப் போனார்.

“முதல் நாளே மாஸ்டர் தானா வந்து வேலை பார்க்கிறாரு!” என்று பூரித்துப் போனான் ஒச்சப்பன்.

அடுத்த வாரம் மழை. கூரை ஒழுகி, தண்ணீர் நேராக டீச் சட்டியில் விழுந்தது. சீனிச்சாமி ஓலை எடுத்துவரக் கிளம்பினான்.

“நல்லதைப் பாருடா. காலையில அரைச் சட்டி டீ. இப்ப நிறைஞ்சிருச்சு. இதுதாண்டா வளர்ச்சி” என்று தடுத்தான் ஒச்சப்பன்.

குடித்தவர்கள் டீயைத் துப்பினார்கள். இவர்கள் சிரித்துக்கொண்டே திட்டத்தை மாற்றினார்கள். பலகையில் ‘டீக்கடை’யை அழித்து ‘வெந்நீர்க்கடை’ என்று எழுதினார்கள்.

அப்புறம் ஒரு லாரி டிரைவர் வந்தார். “பிரியாணி இருக்கா?”

“இருக்கு!” என்றார்கள் மூன்று பேரும். சீனிச்சாமி தூக்குவாளியை மாட்டிக்கொண்டு சைக்கிளில் பறந்தான். டவுனில் பிரியாணி தீர்ந்துபோயிருந்தது. திட்டத்தை மாற்றி அடுத்த டவுனுக்கு மிதித்தான். மறுநாள் மத்தியானம் பிரியாணியோடு வந்தபோது லாரி எந்த மாநிலத்தில் இருந்ததோ தெரியாது. மூன்று பேரும் தின்றுவிட்டு, “வந்த சரக்கு மிச்சமில்லாம போயிருச்சு” என்று கைகுலுக்கிக்கொண்டார்கள்.

மாசம் முடிந்தது. அழகுமீனாள் இடுப்பில் பிள்ளையோடு பஸ்ஸை விட்டு இறங்கினாள். பலகையைப் படித்தாள். ஒழுகும் கூரையைப் பார்த்தாள். கூட்டமாக உட்கார்ந்திருந்த மூன்று பேரையும் பார்த்தாள். ஒச்சப்பன் இன்னும் கொஞ்சம் அகலமாக உட்கார்ந்தான். பஸ் வேறு திரும்பி நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

“உங்க மூணு பேருக்கும் கொஞ்சமாவது அறிவு இருக்கா?” என்றாள்.

“இருக்கு!” என்றார்கள் மூன்று பேரும்.

“பார்சலா, இங்கேயே சாப்பிடுறியா?” என்று பணிவாகக் கேட்டான் ஒச்சப்பன். அதற்குள் சீனிச்சாமி தூக்குவாளியோடு சைக்கிளில் ஏறிவிட்டான்.

அழகுமீனாள் தலையில் கைவைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். “வரட்டும். அது வர்ற வரைக்கும் நான் இங்கிருந்து நகர மாட்டேன்.”

பஸ் போய்விட்டது. பிள்ளை இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறான். கடையை அழகுமீனாள்தான் நடத்துகிறாள், நல்ல வியாபாரம். போன வாரம் திருச்சியிலிருந்து சீனிச்சாமி ஒச்சப்பனுக்குப் போன் பண்ணினான்.

“முழு பிளேட்டுக்கு இன்னும் நாளாகும் போலிருக்கு. அரை பிளேட் போதுமான்னு மதினிகிட்டக் கேட்டுச் சொல்லு.”