அட்டைப்படத்தில் ஒரு புலி

"என் புலிக்கு என்ன குறை?" என்று கேட்டார் தேவசகாயம்.

மெகருன்னிசா அவர் நீட்டிய படத்தை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். நிதானமாகத்தான் பார்த்தாள்.

"ஒரு குறையும் இல்லை, அண்ணாச்சி."

"பிறகு ஏன் முதலாளி வேண்டாங்கிறார்?"

"டீ குடிக்கிறீங்களா?" என்றாள்.

தேவசகாயத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. முப்பது வருஷம் சிவகாசியில் காலண்டர் படம் வரைந்தவர். அவர் வரைந்த முருகனின் மயிலில் இறகுகளை எண்ணிவிடலாம் என்பார்கள். இப்போது ஒரு காமிக்ஸ் மாத இதழுக்கு அட்டைப்படம் வரைகிறார். மூன்று இதழ் வந்தது. மூன்றும் கடைகளில் தொங்கிய மேனிக்கே திரும்பி வந்துவிட்டன.

"கதை நல்லாத்தான் இருக்கு. யாராவது கையில எடுத்தாத்தானே தெரியும்?" என்றார் முதலாளி. இந்த மாதம் வரும் புலிக் கதையும் திரும்பினால் இதழை நிறுத்திவிடுவதாகச் சொல்லிவிட்டார். நிறுத்தினால் ஆறு பேருக்கு வேலை இல்லை. மற்ற ஐந்து பேரும் தேவசகாயத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மெகருன்னிசாவுக்கு இருபத்தொன்பது வயது. விருதுநகரில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே குடியிருந்தாள். அவள் அட்டைப்படம் வரைந்த காமிக்ஸ் எதுவும் கடையில் இரண்டு நாள் தங்காது.

மகள் வயசுக்காரியிடம் போய்ப் பாடம் கேட்பதா என்று தேவசகாயம் ஒரு வாரம் யோசித்தார். பிறகு பஸ் ஏறிவிட்டார்.

டீ குடித்து முடித்ததும் மெகருன்னிசா படத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். பஸ் நிலையத்துப் புத்தகக் கடைக்காரரிடம் சொல்லி, அதைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள்.

"அழுக்காயிரும்மா."

"ஆகட்டும்."

அவரை ஒரு டவுன் பஸ்ஸில் ஏறச் சொல்லித் தானும் ஏறினாள். அது பஸ் நிலையத்தை ஒரு சுற்றுச் சுற்றி, கடை முன்னால் போய், சாலைக்கு வந்தது.

"பார்த்தீங்களா?"

"எதை?"

"உங்க புலியை."

அவர் பார்க்கவில்லை.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, நடந்து வந்து, வேறொரு பஸ்ஸில் ஏறினார்கள். இந்த முறை அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணைக் கொட்டாமல் காத்திருந்தார். எந்தக் கயிறு, எத்தனையாவது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அப்படியும், பழுப்பாக ஏதோ ஒன்று வந்து போனது. அவ்வளவுதான். காடு, அருவி, ஈட்டி பிடித்த வீரன், புலியின் ஒவ்வொரு மயிர், எல்லாம் அந்தப் பழுப்புக்குள்ளே போய்விட்டது.

அதே கயிற்றில், அவர் தேடாத ஒன்று கண்ணில் பட்டது. சிவப்பில் ஒரு கறுப்புக் கை.

"அது யார் வரைஞ்சது?"

மெகருன்னிசா டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் கழித்து தேவசகாயம் மறுபடி வந்தார். காட்டை எடுத்துவிட்டிருந்தார். அருவியை எடுக்கும்போது மட்டும் கை தயங்கியது. அதையும் எடுத்துவிட்டார். வெறும் மஞ்சள். நடுவில் பெரிதாகப் புலி, அதன் நெஞ்சில் வீரனின் ஈட்டி. வாசல்படியிலிருந்து பார்த்தாலும் பளிச்சென்று தெரிந்தது.

"இதுல என்ன நடக்குது?" என்று கேட்டாள்.

"வீரன் குத்திட்டான். புலி சாகுது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கதை முடிஞ்சுது."

அவள் படத்தை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, தூரிகையைக் கழுவப் போனாள்.

"ஏம்மா கவிழ்த்துட்டீங்க?"

"முடிஞ்சுதுன்னீங்களே."

அவருக்குச் சுருக்கென்றது. "முப்பது வருஷத்துல என் படத்தை யாரும் கவிழ்த்தது கிடையாது."

"சாமி படத்தை யாரு கவிழ்ப்பா, அண்ணாச்சி? இது காமிக்ஸ்."

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். தேவசகாயம் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திருத்தங்கல் நெருங்கும்போது பஸ் சட்டென்று நின்றது. இடதுபக்கம் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து வெளியே எட்டிப் பார்த்தார்கள்.

அவரும் எழுந்தார். தலைகள்தான் தெரிந்தன.

தூக்குவாளி வைத்திருந்த ஒரு பெண் மட்டும் அவர் பார்வைக்கு வாகாக நின்றிருந்தாள். குனிந்து ஜன்னல் வழியே பார்த்தாள். அவள் கை வாய்க்குப் போகத் தொடங்கி, பாதி வழியில் அப்படியே நின்றது.

பஸ் கிளம்பிவிட்டது. அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போவதற்குள் அந்தப் பெண் திருத்தங்கலில் இறங்கிவிட்டாள். கண்டக்டரைக் கேட்டார். "நான் பின்னால டிக்கெட் போட்டுக்கிட்டிருந்தேன், சார்" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதும் அந்தப் பெண்ணின் முகமே கண்ணில் நின்றது.

"என்ன யோசனை?" என்று கேட்டாள் மனைவி ஆரோக்கியம்.

"பஸ்ஸுல ஒரு பொம்பளை எதையோ பார்த்தா."

"எதை?"

"தெரியலை."

சோறு போட்டுக்கொண்டிருந்த அவள் கை நின்றது. "தெரிஞ்சுக்காம எப்படி வந்தீங்க?"

தேவசகாயம் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்த் தூரிகையை எடுத்தார்.

நாலாம் நாள் விருதுநகர் மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டது. செய்தித்தாளில் சுற்றிய படத்தைக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றார்.

மெகருன்னிசா கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தாள்.

மஞ்சள் வெளி. வீரன் மண்டியிட்டு, இரண்டு கையாலும் சுனைத் தண்ணீரை அள்ளிக்கொண்டிருந்தான். ஈட்டி எட்டாத தூரத்தில் கிடந்தது. பக்கத்தில் நின்ற பெண் அவன் தோளைத் தொடப் போனவள், தொடவில்லை. கண் விரிய, நேராகப் படத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புலி எங்கே, அண்ணாச்சி?"



மெகருன்னிசா அந்தப் பெண்ணின் கண்களை மறுபடி பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பி, தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள்.

அங்கே சுவர்தான் இருந்தது.