கோழி கொடுத்த பல்

கோழிக்கும் வாய் நிறையப் பல் இருந்த அந்தக் காலத்தில், பறவையும் விலங்கும் மனிதரோடு சரிக்குச் சரி வாயாடிக்கொண்டிருந்தன. அப்போது சிலம்பாயி என்றொரு பெண் இருந்தாள். அவள் சிரிப்பை ஊரே கொண்டாடியது. மறுநாள் அவளுக்குத் திருமணம்.

மணக்கோலத்துக்கு மல்லிகை பறிக்கச் சென்றவள் வேலியோரம் ஓர் அலறல் கேட்டு ஓடினாள். கோழிக்குஞ்சு ஒன்று கண்ணியில் கால் மாட்டித் துடித்தது. மேலே பருந்து வட்டமிட்டது.

"தாயி, என் பல் கம்பரிசி பருமன், இந்தப் பனைநாரை அறுக்க முடியவில்லை. அந்தப் பாவி இறங்குவதற்குள் ஏதாவது செய்!" என்று கதறியது தாய்க்கோழி.

கையில் அரிவாள் இல்லை. விரலால் இழுத்தாள், முடிச்சு மேலும் இறுகியது. பருந்தின் நிழல் முதுகில் விழுந்தது. சிலம்பாயி சட்டென்று குனிந்து, கண்ணி கட்டியிருந்த கருவேல முளைக்குச்சியோடு சேர்த்து நாரைக் கடித்தாள். நார் அறுந்தது, முன்பல்லும் ஒடிந்தது.

குஞ்சு தாயின் சிறகுக்குள் புகுந்தது. சிலம்பாயியோ வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "நாளைக்குப் பந்தலில் எப்படிச் சிரிப்பேன்? பொக்கைவாய்ப் பெண் என்று நாத்தனார் ஏசுவாளே!"

"என் பிள்ளைக்காக உடைந்த வாயை ஊர் ஏசுவதா?" என்ற கோழி, தன் பற்களை ஒன்று விடாமல் உதிர்த்து, புற்றுமண்ணில் குழைத்து, ஒரே பல்லாகப் பிடித்து அவள் ஈறில் பதித்தது.

"ஐயோ, இனி நீ எதைக் கொண்டு மெல்லுவாய்?"

"கல்லை விழுங்கியாவது அரைத்துக்கொள்கிறேன். நீ சிரி, தாயி!"

பொழுது விடிந்தது. அந்தக் கொடையைக் கண்டு நாணியதோ என்னவோ, ஒடிந்த பல்லும் தன் இடத்தில் மீண்டும் முளைத்திருந்தது! கோழி தந்த பல், கூரையேறிய சேவலைப்போல் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

மணவறையில் நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "அண்ணா, நமக்கு நட்டமில்லை, பெண் வீட்டார் ஒரு பல் கூடுதலாகவே கொடுத்திருக்கிறார்கள்!" மாப்பிள்ளை சிரித்தான்; பந்தலே சிரித்தது; எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவள் சிலம்பாயிதான்.

மணமாலை வாடுமுன் அவள் கோழியைத் தேடிச் சென்றாள். "என் பல் எனக்கு முளைத்துவிட்டது. உன்னுடையதை எடுத்துக்கொள்."

"கொடுத்ததைத் திரும்பக் கேட்பது எங்கள் குலவழக்கமில்லை. நான் விழுங்கிய கூழாங்கல் வயிற்றுக்குள்ளேயே மாவரைக்கிறது, போ!" என்றது கோழி. சிலம்பாயி மகிழ்ந்து, முறத்தில் கொண்டுவந்திருந்த நொய்யை அதன்முன் தூவினாள்.

மக்களே, கொடுக்கும்போது அளவு பார்க்காதீர்கள். அன்போடு கொடுத்த வாய் பட்டினி கிடப்பதில்லை.

பழைய புதைகுழிகளைத் தோண்டுவோர், எலும்புகளிடையே ஒரு பல் மிகுந்திருக்கக் கண்டு வியக்கிறார்கள். வியப்பதற்கு என்ன இருக்கிறது? அன்று முதல்தான் கோழி பல்லிழந்து கல் பொறுக்குகிறது; முறத்து நொய் அதற்கு உரிமையாயிற்று; சிலம்பாயியின் வழிவந்தோர் சிலர், மண்ணுக்குள் போன பிறகும், ஒரு பல் அதிகமாகவே சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.