ரீங்காரப் பெட்டி

மில் முதலாளி செங்கோடனுக்கு முழங்கால் வலி. அலைவரிசை வைத்தியர் ஒருவர் வந்து, பளபளக்கும் பெட்டியொன்றைக் காலருகே வைத்தார்.

"கண்ணை மூடிட்டுக் கேளுங்க. அந்தச் சத்தந்தான் மருந்து."

நிஜமாகவே 'ஙொய்ய்' என்று ஒரு ரீங்காரம் கேட்டது. வைத்தியரே கொஞ்சம் அசந்துபோனார்.

"அட, வலி கொறையுதே!" என்றார் முதலாளி.

சமையல்கார மயிலாத்தா எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, பெட்டிக்குள்ள என்னங்க இருக்குது?"

வைத்தியருக்குச் சுருக்கென்றது. "கேள்வி கேக்கறவ இருக்கிற வீட்டுல அலை தங்காது. இவளை வேலையை விட்டு நிறுத்துங்க!"

"கெளம்பு மயிலாத்தா," என்றார் முதலாளி.

"சரிங்க. கைவேலையை முடிச்சுட்டுப் போறனுங்க."

அவள் அடுப்படிக்குள் போனாள். ரீங்காரம் நின்றது.

"ஐயோ, மறுபடி வலிக்குதே!"

வைத்தியர் பெட்டியைத் தட்டினார், திருகினார். சத்தமே இல்லை.

கையெல்லாம் மாவோடு மயிலாத்தா வந்து நின்றாள்.

"கிரைண்டரை நிறுத்திட்டனுங்க. வலி தாங்கலைன்னா சொல்லுங்க, இன்னொரு படி அரிசி ஊறப்போடறனுங்க."