செவ்வந்தி உம் கொட்டிய கதை

ஆற்றின் நடுத்திட்டில் ஒரு மடம் இருந்தது. மார்கழி வந்துவிட்டால் திட்டு எது, தண்ணீர் எது, வானம் எது என்று அங்கே யாராலும் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே வெள்ளை. பரிசலின் சத்தம் முதலில் வந்து சேரும், பரிசல் சாவகாசமாகப் பின்னால் வரும்.

மடத்தை நடத்தி வந்தவர் குழல்மொழி அம்மை. வயது முப்பதைத் தாண்டியிருக்காது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த ஆவுடையப்பருக்கோ நாற்பதுக்கு மேல். வைத்தியர். கையோடு ஐந்து வயது மகள் செவ்வந்தியையும் அழைத்து வந்திருந்தார்.

அவர் மனைவி ஆடி மாதம் காய்ச்சலில் இறந்துபோனாள். ஊருக்கெல்லாம் மருந்து அரைத்துக் கொடுத்த கை, சொந்த வீட்டில் தோற்றுப்போனது. அதைப் பிள்ளையிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அம்மா சித்தி ஊருக்குப் போயிருக்கிறாள், ஒருநாள் பரிசலில் வருவாள் என்று சொல்லி வைத்திருந்தார். பிள்ளையும் காலையில் கண் விழித்ததும் துறையில் போய் உட்கார்ந்துகொள்ளும். யார் கூப்பிட்டாலும் பரிசல் வந்து காலியான பிறகுதான் எழுந்து வரும்.

காலையில் துறைக்குப் பக்கத்தில் சருகைக் கொளுத்திக் குளிர் காய்வார்கள். அப்போது கதை நடக்கும். கேட்பவர்களில் ஒருவர் உம் கொட்ட வேண்டும். உம் நின்றால் கதையும் அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஏன் நிறுத்தினாய் என்று ஒருவரும் கேட்கக் கூடாது. அந்தத் திட்டில் அதுதான் வழக்கம்.

அன்றைக்கு உம் கொட்டும் முறை செவ்வந்திக்கு வந்தது.

"ஒரு ஊர்ல ஒரு அரக்கி இருந்தா," என்றார் அம்மை.

"உம்."

"அவளுக்கு வீடு வாசலெல்லாம் பனிதான். பனிக்குள்ள யார் வந்தாலும் அப்படியே முழுங்கிருவா."

"உம்."

"ஒருநாள் ஒரு அம்மா அந்த வழியா தண்ணிக்குப் போனா. அவளையும் முழுங்கிட்டா."

"உம்," என்றது பிள்ளை.

"போதுமுங்க தாயே." வைத்தியர் எழுந்துவிட்டார். மகளைத் தூக்கிக்கொண்டு போய் அறையில் விட்டு வந்தார்.

"அஞ்சு வயசுப் பிள்ளைக்கு இந்தக் கதை ஆகுமுங்களா? கஷாயத்தையே நாங்க வயசு பார்த்துத்தான் கொடுப்போம்."

"கதைக்கு என்ன பத்தியம் சொல்றீங்க, வைத்தியரே?"

"அரக்கி வேண்டாம். முழுங்கறது வேண்டாம். முயல், மான், மாம்பழம்னு எத்தனையோ இருக்குது. இதுதான் உங்க கதைன்னா நாளைக்கே பிள்ளையக் கூட்டிட்டுப் பரிசல் ஏறிடறேன்."

"சரி. பாதிக் கதையோட போக வேண்டாம். நாளைக்கு மீதியை நீங்களே சொல்லி முடிச்சுட்டு ஏறுங்க."

அன்று பகல் முழுவதும் மனிதர் சுக்கை இடித்த உரலிலேயே கதையையும் இடித்தார். துணியில் சலித்தார். காரம், கசப்பு எல்லாம் போய் வெறும் சர்க்கரை மிஞ்சியது.

மறுநாள் துணி மூட்டை பக்கத்தில் இருக்க, நெருப்பின் எதிரே உட்கார்ந்து ஆரம்பித்தார்.

"அந்த அரக்கிக்கு வயித்து வலி வந்துச்சு."

"உம்."

"ஆன்னு வாயைத் திறந்தா. உள்ள இருந்த அம்மா ஒரு கீறல்கூட இல்லாம வெளிய வந்துட்டா. நேரா ஒரு பரிசல்ல ஏறி..."

உம் வரவில்லை.

வைத்தியர் காத்திருந்தார். பிள்ளை ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. பனிக்குள்ளிருந்து துடுப்புச் சத்தம் வந்தது, பிறகு பரிசல் வந்தது. பரிசல்கார மாரண்ணன் இறங்கினார். இரண்டு காய்கறி மூட்டைகளை இறக்கி வைத்தார். அவ்வளவுதான். பிள்ளை எழுந்து போய்ப் பரிசலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து நெருப்பருகே உட்கார்ந்தது.

"நல்லதைத்தானுங்களே சொன்னேன்," என்றார் ஆவுடையப்பர் அம்மையிடம், மெதுவாக.

"நேத்து அரக்கி முழுங்கினப்போ உம் கொட்டினாளே," என்றார் அம்மை. "அங்கிருந்து சொல்லிப் பாருங்க."

நெருப்பும் பனியும் கலந்து, எதிரே இருந்த மகளின் முகம் தண்ணீருக்குள் தெரிவதுபோல் அசைந்தது.

"அரக்கி அந்த அம்மாவை முழுங்கிட்டா," என்றார் வைத்தியர்.

"உம்."

"அந்த அம்மாவோட வீட்டுக்காரர் ஒரு வைத்தியர். தெரிஞ்ச மருந்தெல்லாம் எடுத்துட்டு அரக்கிகிட்டப் போனார்."

"உம்."

"ஒண்ணும் பலிக்கலை."

பிள்ளை நெருப்பைச் சுற்றி வந்து அவர் மடியில் ஏறிக்கொண்டது. அவர் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது.

"உம்."

"அந்த அம்மா..." நிறுத்தினார். மறுபடி சொன்னார். "அந்த அம்மா வெளிய வரலை, சாமி. இனிமே வரவும் மாட்டா."

சருகு ஒன்று படபடவென்று எரிந்து அடங்கியது.

"உம்," என்றது பிள்ளை. சின்னக் குரல்தான், ஆனாலும் தெளிவாகக் கேட்டது. "அப்புறம்?"

தாடியில் இறங்கிய கண்ணீரைக்கூட அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

"ஏறுறவங்க யாராச்சும் இருக்கீங்களா?" துறையிலிருந்து மாரண்ணன் கூப்பிட்டார். துணி மூட்டை வைத்த இடத்திலேயே இருந்தது. துடுப்புச் சத்தம் பனிக்குள் போய் மறைந்தது.

"அப்புறம், அப்பா?"

ஆவுடையப்பர் அம்மையைப் பார்த்தார். "எனக்குப் பயமா இருக்குதுங்க தாயே. இதுக்கு மேல எனக்குக் கதை தெரியாது."

அம்மை ஒரு கைப்பிடிச் சருகை எடுத்து நெருப்பில் போட்டார்.

"பிள்ளைக்குத் தெரியும்," என்றார். "நீங்க உம் கொட்டுங்க."